டீடெயில் நூலகத்தில் எதைச் சேமிக்கிறோம்?

ஒரு வீட்டின் செக்ஷனை 1:100 அளவில் வரைந்தால், மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரும் கூரைத் தளமும் சந்திக்கும் இடம் சில கோடுகள் முட்டிக்கொள்ளும் மூலை, அவ்வளவுதான். அதே மூலையை 1:5 அளவுக்குப் பெரிதாக்கியதும் கேள்விகள் எழுகின்றன. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸ் எந்தக் கனத்தில் தொடங்கி எந்தக் கனத்தில் முடிகிறது? மேலே பதிக்கும் தட்டோடு சுவரின் பூச்சுக்குள் நுழைகிறதா, சுவரை ஒட்டி நின்றுவிடுகிறதா? மூலையைச் சதுரமாக விடுவதா, வளைத்துப் பூசுவதா? மழைநீர்க் குழாயின் வாய் எந்த மட்டத்தில் இருக்க வேண்டும்? இவற்றுக்குப் பதில் சொல்லும் படத்தைத்தான் டீடெயில் டிராயிங் என்கிறோம். கட்டடம் ஒழுகுமா ஒழுகாதா என்பது பெரும்பாலும் இந்தச் சிறிய படங்களில் தீர்மானமாகிறது.

ஓர் அலுவலகத்தின் பத்துக் கட்டடங்களுக்குப் பத்து விதமான பிளான்கள் இருக்கும். ஆனால் சன்ஷேடின் அடிவிளிம்பில் தண்ணீரைச் சுவருக்கு ஓடவிடாமல் சொட்டவைக்கும் வெட்டு, குளியலறைத் தளத்தின் இறக்கம், ஜன்னல் சட்டம் சுவரில் பதியும் விதம் ஆகியவை பெரிதாக மாறுவதில்லை. ஆகவே ஒருமுறை வரைந்ததை மறுபடி எடுத்தாள்வது நியாயமான வேலைதான். நன்றாக நின்று காட்டிய ஒரு சந்திப்பை ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிப்பதில்தான் ஆபத்து அதிகம். என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. மென்பொருள் ஒரு டீடெயிலைச் சேமிக்கும்போது கோடுகளையும் குறிப்புகளையும் சேமிக்கிறது. அந்தக் கோடுகள் எந்த மழைக்காக, எந்தச் சுவருக்காக, எந்த விதித்தொகுப்பின் எந்தப் பதிப்புக்காக வரையப்பட்டவை என்பதை யார் சேமிப்பது? கடந்த அறுபது ஆண்டுகளில் முதல் வேலை மிக எளிதாகிவிட்டது. இரண்டாவது வேலை தொடங்கிய இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை.

கணினிக்கு முன்பே டீடெயில்களுக்கு நூலகம் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் ராம்சேயும் ஹரால்ட் ஸ்லீப்பரும் 1932-இல் வெளியிட்ட ‘ஆர்க்கிடெக்சரல் கிராஃபிக் ஸ்டாண்டர்ட்ஸ்’ பல தலைமுறைக் கட்டடக் கலைஞர்களின் மேசையில் இருந்த புத்தகம். இந்தியாவில் கான்கிரீட் கம்பி வேலைக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் எஸ்பி 34 கையேடு 1987-இல் வந்தது. இவற்றிலிருந்து ஒரு டீடெயிலை எடுத்தவர் டிரேசிங் தாளில் அதைக் கையால் திரும்ப வரைய வேண்டியிருந்தது.

1963-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லண்ட் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் இந்த நிலையை அடியோடு மாற்றியது. அதில் ஒரு மூலப் படத்தை வரைந்துவிட்டு, அதன் பிரதிகளை வேண்டிய இடங்களிலெல்லாம் வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் எல்லாப் பிரதிகளும் தாமே திருந்தும். அறுகோணங்களால் நிரப்பிய ஒரு பரப்பில் மூல அறுகோணத்தை அரைவட்டமாக மாற்றியதும் பரப்பு முழுவதும் மீன் செதில்போல் மாறிவிடும் என்று சதர்லண்ட் காட்டினார். இன்று நம் கணினியில் பிளாக் என்றும் ஃபேமிலி என்றும் ஆப்ஜெக்ட் என்றும் அழைக்கப்படும் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

1982-இல் வந்த ஆட்டோகேட் இந்த எண்ணத்தைச் சிறிய அலுவலகங்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. பிளாக்கைத் தனி ஃபைலாக எழுதி வைத்து அடுத்த வேலையில் நுழைக்கலாம் என்று ஆனதும், ஒவ்வோர் அலுவலகத்திலும் ‘ஸ்டாண்டர்ட் டீடெயில்ஸ்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் முளைத்தது. 1990-இல் வெளிவந்த பதினோராம் பதிப்பில் எக்ஸ்ரெஃப் வசதி சேர்ந்தது; ஒரு படத்தை நகலெடுக்காமல் வெளியிலிருந்தே இணைத்துக் காட்டலாம் என்றாயிற்று. ஹங்கேரியின் கிராஃபிசாஃப்ட் நிறுவனம் ஆர்க்கிகேடில் வேறு பாதையில் போனது. அதன் ஜிடிஎல் மொழியில் ஒரு ஜன்னல் என்பது ஒரு சிறு நிரல். படத்தின் அளவு மாறினால் ஜன்னல் காட்டும் நுணுக்கமும் மாறும். 2000-இல் முதல் பதிப்பு கண்டு, 2002-இல் ஆட்டோடெஸ்க் விலைக்கு வாங்கிய ரெவிட், கட்டடத்தையே ஒரு மாடலாக வைத்துக்கொண்டு பிளானையும் செக்ஷனையும் அதிலிருந்து பெறும் முறையைப் பரவலாக்கியது.

மாடல் வந்தபின் டீடெயில் டிராயிங்கே தேவைப்படாது என்ற எதிர்பார்ப்பு அப்போது இருந்தது. அது நடக்கவில்லை, நடக்காததற்குக் காரணமும் உண்டு. சன்ஷேடின் அடியில் உள்ள வெட்டையும் பூச்சின் வளைவையும் சீலன்ட் பட்டையையும் முப்பரிமாணத்தில் கட்டடம் முழுக்க உருவாக்கினால் ஃபைல் நகர மறுக்கும். அத்தனை உழைப்பும் தாளில் ஒரே ஒரு மூலையில்தான் தெரியும். அதனால் ரெவிட்டில் இரண்டு வழிகள் நிலைத்தன. முதல் வழியில் மாடலின் உயிருள்ள செக்ஷனைப் பெரிதாக்கி, அதன்மேல் செங்கல், கம்பி, சீலன்ட் முதலிய இருபரிமாண டீடெயில் காம்போனென்ட்களை வைக்கிறோம். இரண்டாவது வழியில் டிராஃப்டிங் வியூ எனப்படும் வெற்றுத் தாளில் முழு டீடெயிலையும் வரைகிறோம். அதற்கும் மாடலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அலுவலக நூலகங்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியில்தான் வளர்கின்றன. மாடலைச் சாராத படத்தைத்தான் எந்த வேலைக்கும் தூக்கிச் செல்ல முடியும். அதன் வசதியும் அபாயமும் இந்த ஒரே குணத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் வெளிச்சுவர் என்றால் நெடுங்காலம் ஒன்பது அங்குலச் செங்கல். படத்தில் 230 மில்லிமீட்டர் என்று இருக்கும். இப்போது பல கட்டடங்களில் 200 மில்லிமீட்டர் ஏஏசி கல், அதாவது காற்றூட்டிய இலகு கான்கிரீட் கல், வருகிறது. மாடலில் சுவரின் வகையை மாற்றுவது ஒரு நொடி வேலை. பிளான்கள் எல்லாம் உடனே மாறிவிடும். டிராஃப்டிங் வியூவில் உள்ள ஜன்னல் டீடெயில் மட்டும் 230 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மாறுவது வெறும் 30 மில்லிமீட்டர் என்று விட்டுவிட முடியாது. ஏஏசி கல்லும் கான்கிரீட் தூணும் சேரும் இடத்தில் பூச்சு விரிசல் விடாமலிருக்க வலை பதிக்க வேண்டும். ஜன்னல் சட்டத்தை இறுக்கும் ஆணியின் வகை வேறு. கற்களை ஒட்டும் கலவையின் கனம் வேறு. செங்கல் சுவருக்கு எழுதிய டீடெயிலில் இவை எதுவும் இருக்காது. எண்ணை மட்டும் 200 என்று திருத்திவிட்டால் படம் சரியானதுபோல் தோன்றும். அதுவே இன்னும் கெடுதல்.

படத்தை ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும்போதும் சில விஷயங்கள் கைநழுவுகின்றன. பழைய ஆட்டோகேட் டீடெயிலை ரெவிட்டில் நுழைத்து உடைத்தால், அதன் ஒவ்வொரு லேயரும் ஒரு புதிய கோட்டு வகையாகப் பட்டியலில் ஏறிக்கொள்ளும். ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டருக்குக் குறைவான கோடுகளை ரெவிட் ஏற்பதில்லை என்பதால் பொருளைக் காட்ட நிரப்பும் ஹாட்ச் கோடுகளின் துணுக்குகள் தொலைந்துபோகும். ரெவிட்டிலிருந்து ரெவிட்டுக்கே வியூவை நுழைத்தாலும், ஒரே பெயரில் இரண்டு இடங்களிலும் ஒரு வகை இருந்தால் வந்துசேரும் ஃபைலில் உள்ளதே நிலைக்கும். மென்பொருள் ஓர் எச்சரிக்கை காட்டும். அவசரத்தில் அதை மூடிவிடுவார்கள். ‘சன்ஷேட் விளிம்பு’ என்ற பெயரில் நூலகத்தில் ஒரு காம்போனென்ட்டும் வேலை ஃபைலில் வேறொரு காம்போனென்ட்டும் இருந்தால், நூலகத்தில் சரிபார்த்துக் கையெழுத்திட்ட டீடெயில் வேலை ஃபைலில் வேறு வடிவத்தில் நிற்கும். பெயரிடும் ஒழுங்கு என்பதை அழகுக்கான விஷயமாகப் பலர் நினைக்கிறார்கள். படத்தின் பொருளே அதைப் பிடித்துத்தான் நிற்கிறது. நூலகத்தின் ஒவ்வொரு வகைக்கும் அலுவலகத்தின் முன்னொட்டு ஒன்றைச் சேர்த்தாலே இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். புதிய ரெவிட் பதிப்பில் சேமித்த ஃபைலைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது என்பதால், அலுவலகம் பயன்படுத்தும் மிகப் பழைய பதிப்பிலேயே நூலகத்தை வைத்திருப்பதும் நல்லது.

இதைவிட ஆழமான ஒரு தகராறு உண்டு: நகலெடுப்பதா, இணைப்பதா? சதர்லண்டின் வழி இணைப்பு. நூலகத்தில் ஒரு தவறு கண்டுபிடித்துத் திருத்தினால் எல்லா வேலைகளிலும் அது திருந்த வேண்டும் என்று வாதிடுபவர்கள் எக்ஸ்ரெஃப் வழியையே விரும்புகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கையெழுத்திட்டு வெளியிட்ட டிராயிங் ஓர் ஆவணம். ஒப்பந்தக்காரர் அதைப் பார்த்து விலை சொல்லியிருக்கிறார். கொத்தனார் அதைப் பார்த்துப் பாதிச் சுவரைக் கட்டி முடித்திருக்கிறார். நூலகத்தில் யாரோ செய்த திருத்தம் அடுத்த முறை பிரிண்ட் எடுக்கும்போது சத்தமில்லாமல் அந்தத் தாளில் ஏறிவிட்டால், எது எப்போது மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. திருத்தம் எவ்வளவு வேகமாகப் பரவுமோ அவ்வளவு வேகமாகத் தவறும் பரவும். ஆகவே நான் நகலின் பக்கம். ஒரு நிபந்தனையுடன்: எந்த நூலக எண்ணிலிருந்து, எந்தத் தேதிப் பதிப்பிலிருந்து எடுத்த நகல் என்பது படத்தின் அடியிலேயே இருக்க வேண்டும். அப்படி இருந்தால், நூலகத்தில் ஒரு டீடெயில் திருத்தப்படும் நாளில் அது எந்தெந்த வேலைகளில் போயிருக்கிறது என்று தேடி, ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் பார்த்து முடிவெடுக்கலாம். நகல் முறையின் உண்மையான கேடு, நகலுக்கு ஊர் பேர் இல்லாமல் போவதுதான்.

ஊர் பேர் இல்லாத டீடெயில் என்ன செய்யும் என்பதற்கு நியூசிலாந்தில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. 1990-களில் அங்கே கூரை முன்னீடு இல்லாத, வெளிப்புறம் முழுவதும் ஒரே பூச்சாகத் தெரியும் மரச்சட்ட வீடுகள் பெருகின. மத்தியதரைக் கடல் ஓரத்து வறண்ட ஊர்களின் தோற்றம் அது. பூச்சில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லை. இதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. சுவரின் சட்டங்களுக்குப் பூச்சிமருந்து ஏற்றிய பைன் மரமே வழக்கம்; 1990-களின் பிற்பாதியில் மருந்தேற்றாமல் உலர்த்திய மரத்தையும் விதிகள் அனுமதித்தன. படத்தில் இது ஒரு மாற்றமாகவே தெரியாது. ஒரே செவ்வகம், ஒரே ஹாட்ச், அதே அளவு. முன்பு கொஞ்சம் நனைந்தாலும் தாங்கிய சட்டம் இப்போது அழுகத் தொடங்கியது. இதை விசாரித்த ஹன் குழு 2002-இல் அறிக்கை தந்தபோது ஆயிரக்கணக்கான வீடுகளில் கேடு உள்ளுக்குள் பரவியிருந்தது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஏறக்குறைய இதே கதை. 1998-இல் அங்கே பாரெட் ஆணையம் விசாரித்தது. அதற்கு முன் 1996-இல் கனடாவின் வீட்டுவசதி நிறுவனம் செய்த ஆய்வில் ஒரு விஷயம் தெளிவாக வந்தது. தண்ணீர் பெரும்பாலும் சுவரின் நடுவில் நுழையவில்லை. ஜன்னலும் சுவரும், பால்கனியும் சுவரும், கைப்பிடியும் சுவரும் சேரும் இடங்களில்தான் நுழைந்தது. பொருள் விற்பவர்களின் தளங்களிலிருந்து டீடெயிலை இறக்கி நூலகத்தில் போடுபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஜன்னல் நிறுவனத்தின் டீடெயில் ஜன்னலின் விளிம்போடு முடிந்துவிடும். வாட்டர்புரூஃபிங் நிறுவனத்தின் டீடெயில் அதன் பட்டையோடு முடியும். இரண்டுக்கும் இடைப்பட்ட அரை அங்குலத்தை யாரும் வரைந்திருக்கமாட்டார்கள்.

நியூசிலாந்து அதற்குப்பின் செய்தது கவனிக்கத்தக்கது. வெளிச்சுவருக்குள் ஈரம் நுழைவது பற்றிய அதன் ஈ2/ஏஎஸ்1 ஆவணத்தைத் திருத்தி, ஏராளமான டீடெயில் படங்களைச் சேர்த்தார்கள். படங்களுக்கு முன்னால் ஒரு கணக்கை வைத்தார்கள். காற்று மண்டலம், மாடிகளின் எண்ணிக்கை, கூரையும் சுவரும் சேரும் விதம், கூரை முன்னீட்டின் அகலம், கட்டடத்தின் உறை எவ்வளவு சிக்கலானது, பால்கனியின் அமைப்பு என ஆறு விஷயங்களுக்கும் சுவர்முகத்துக்குச் சுவர்முகம் மதிப்பெண் போட வேண்டும். கூட்டுத்தொகைதான் எந்தச் சுவர்மூடியை எப்படிப் பொருத்தலாம் என்று சொல்லும். தொகை 20-ஐத் தாண்டினால் அந்தப் படங்கள் எதுவும் உங்களுக்கு உதவாது. தனியாக வடிவமைக்க வேண்டும். ஒரு டீடெயில் நூலகம் தன் எல்லையைத் தானே சொல்வதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இது. இங்கிலாந்தில் வீடுகளுக்கிடையே ஒலி கடக்காமலிருக்க 2004 முதல் நடக்கும் ‘ரோபஸ்ட் டீடெயில்ஸ்’ திட்டமும் இந்த வகையில் சேரும். கட்டி முடித்த வீடுகளில் அளந்து தேறிய டீடெயில்கள் மட்டுமே அதில் இடம்பெறும். ஒவ்வொன்றுக்கும் கட்டுமான இடத்தில் நிரப்ப வேண்டிய சரிபார்ப்புத் தாள் உண்டு. அந்த டீடெயிலைப் பதிவுசெய்து கட்டினால், வீடு முடிந்தபின் ஒலிச் சோதனை தேவையில்லை.

நம் ஊரிலும் இதே பிரச்சினை உண்டு; அது கம்பியில் ஒளிந்திருக்கிறது. தூணின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனையை 90 பாகைக்கு மடக்குவதா, 135 பாகைக்கு மடக்கித் தூணின் உள்ளே திருப்புவதா என்பது 1:20 படத்தில் ஒரு சிறு கோட்டின் சாய்வு மட்டுமே. நிலநடுக்கத்தில் தூணின் வெளிக்கான்கிரீட் உதிர்ந்ததும் 90 பாகை முனை பிரிந்துகொள்ளும். 135 பாகை முனை உள்கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்ளும். 2001 ஜனவரி 26 அன்று புஜ் நிலநடுக்கத்தில் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. தரைத்தளம் சுவரின்றி வாகன நிறுத்தமாக விடப்பட்டிருந்தது பெரிய காரணம். ரிங் முனைகள் உட்பட்ட கம்பி வேலையின் குறைகளும் அதோடு சேர்ந்தன. இந்த முனை எப்படி இருக்க வேண்டும் என்று ஐஎஸ் 13920 விதித்தொகுப்பு 1993-லேயே சொல்லியிருந்தது.

நிலநடுக்கத்துக்கு அடுத்த ஆண்டு, 2002-இல், நிலநடுக்க மண்டலங்களை வகுக்கும் ஐஎஸ் 1893 விதித்தொகுப்பு திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்ந்தது. அன்றைக்குச் சென்னையின் அலுவலகங்களில் இருந்த தூண், உத்தரம் டீடெயில்களின் கோடுகளில் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் அவை வரையப்பட்ட ஊர் சட்டப்படி வேறு ஊராகிவிட்டது. 13920-இன் 2016 பதிப்பு மூன்றாம் மண்டலத்தின் எல்லாக் கான்கிரீட் கட்டடங்களையும் உள்ளடக்கியது. ரிங் முனையின் நீட்சியையும் மாற்றியது. 1993-இல் அது கம்பி விட்டத்தின் பத்து மடங்கு, 75 மில்லிமீட்டருக்குக் குறையாமல். 2016-இல் ஆறு மடங்கு, 65-க்குக் குறையாமல். எட்டு மில்லிமீட்டர் ரிங்குக்குப் பழைய படம் 80 என்று சொல்லும், புதியது 65 என்று சொல்லும். இதில் பழைய படம் பாதுகாப்பில் குறைந்ததல்ல. ஆனால் எந்தப் பதிப்பின்படி வரைந்தது என்று அதில் எழுதியிருக்காவிட்டால், சரிபார்க்கும் பொறியாளர் 80 என்பதைக் கவனத்துடன் எழுதிய எண்ணா, எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்த எண்ணா என்று அறிய வழியில்லை. அந்த ஐயத்தில் அவர் மற்ற எண்களையும் நம்பமாட்டார், அல்லது எல்லாவற்றையும் நம்பிவிடுவார்.

அப்படியானால் ஒரு டீடெயிலோடு கூடவே சேமிக்க வேண்டியவை எவை? எந்த விதித்தொகுப்பு, எந்த ஆண்டுப் பதிப்பு என்பது முதலாவது. எந்தச் சுவர், எந்தத் தளம், எவ்வளவு மழையும் காற்றும் படும் திசை என்பது அடுத்தது. எங்கெல்லாம் இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற வரியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. இதோடு, எந்தக் கட்டடங்களில் கட்டப்பட்டது, அங்கே என்ன ஆயிற்று என்பதும் வேண்டும். தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் மொட்டைமாடி டீடெயிலுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் தேர்வு. ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்ததும் முந்தைய வேலைகளில் இரண்டு மூன்றைப் போய்ப் பார்த்து, ஈரம் தெரிந்த மூலையின் டீடெயில் எண்ணுக்கு நேரே அதைக் குறித்து வைக்கும் அலுவலகத்தின் நூலகம் சில ஆண்டுகளிலேயே வேறு தரத்துக்கு உயரும். எந்த மென்பொருளும் இதைத் தானாகச் செய்யாது. ஆனால் ரெவிட் காம்போனென்ட்டில் கூடுதல் பாராமீட்டர்களாகவும், ஆட்டோகேட் பிளாக்கில் அட்ரிபியூட்களாகவும் இவற்றை எழுத இடம் உண்டு; இருபது ஆண்டுகளுக்கு மேலாகவே இருக்கிறது.

உரிமை பற்றியும் ஒரு சொல். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் வரைபடமும் பிளானும் கலைப்படைப்பின் வரையறைக்குள் வருகின்றன. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வரைந்ததற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். வேலை மாறும் இளைஞர் பென்டிரைவில் எடுத்துப்போகும் டீடெயில் ஃபோல்டர் பரவலான பழக்கமாக இருக்கலாம், ஆனால் அவருக்குச் சொந்தமானதல்ல. அதைவிடப் பெரிய கேடு, அந்த ஃபோல்டருக்குள் அதன் காரணங்கள் ஏதும் போவதில்லை என்பது.

மிச்சம் இருப்பது படத்தைப் படிப்பவர். டீடெயிலைக் கடைசியில் படிப்பவர் கொத்தனார், கம்பி கட்டுபவர், டைல் ஒட்டுபவர். அவர்கள் கைக்குப் போகும் தாளில் குறிப்புகள் ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. சூப்பர்வைசர் வாயால் சொல்வதே வேலையாகிறது, அதில் பாதி வழியிலேயே உதிர்கிறது. ரெவிட்டின் கீநோட் முறையில் குறிப்புகள் படத்துக்குள் இல்லை. ஒரு தனி டெக்ஸ்ட் ஃபைலில், எண்ணும் வாசகமுமாக, டேப் இடைவெளியுடன் வரிவரியாக இருக்கின்றன. அதே எண்களுக்குத் தமிழ் வாசகங்கள் கொண்ட இன்னொரு ஃபைலை யூனிகோடில் எழுதி வைத்து, கீநோட் அமைப்பில் அதைத் தேர்ந்து மறுபடி ஏற்றினால், அந்த வேலையின் எல்லா டீடெயில்களும் தமிழ்க் குறிப்புடன் வரும். தட்டோடு, ஜல்லி, சுண்ணாம்பு, ரிங், கவர் பிளாக் என்று வேலையிடத்தில் புழங்கும் சொற்களையே அதில் எழுதலாம். ஒரு சின்ன அலுவலகத்துக்கு வேண்டிய குறிப்புகள் இருநூறைத் தாண்டாது. ஒருவர் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடியும் வேலை. எழுதும்போது மேஸ்திரி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாசகத்தையும் அவரைப் படிக்கச் சொல்லி, அவர் புரிந்துகொண்டபடி வரைந்து காட்டச் சொல்ல வேண்டும். அவர் வேறு மாதிரி வரைந்துகாட்டும் இடங்களில் முதலில் திருத்த வேண்டியது டீடெயிலையா வாசகத்தையா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.